யார் போட்ட கணக்கு

பொறியாளர் சங்கத்திலிருந்து வந்த கடிதத்தை லரீசா ஹாவ்ரிலுக் காருக்குள் உட்கார்ந்தே பிரித்துப் படித்தாள். அவளுடைய பொறியாளர் பதிவை நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். அவளுக்குச் சான்று எழுதியவர், அவள் எந்த வேலையைத் தானாகச் செய்தாள், எதைத் தானாக முடிவு செய்தாள் என்று ஓரிடத்திலும் சொல்லவில்லையாம். அவள் வேலையை அருகிலிருந்து பார்த்த வேறொரு பதிவுபெற்ற பொறியாளர் விவரமாக எழுதித் தந்தால் மறுபடி பார்ப்பார்களாம்.

சான்று எழுதியவர் அவளுடைய மேலதிகாரி டெல்மர் ஃப்ரீசன். எழுதிய கையோடு பெருமையாக அவளுக்கும் ஒரு நகல் கொடுத்திருந்தார். தன்னைப் பற்றிய புகழ்ச்சியைத் தானே படிக்கக் கூச்சப்பட்டு அவள் அதைக் கைப்பைக்குள் போட்டு வைத்திருந்தாள். இப்போது எடுத்துப் பார்த்தாள்.

லரீசா எப்போதும் சிரித்த முகம். அலுவலகத்தில் யாரோடும் மனத்தாங்கல் கிடையாது. வெள்ளிக்கிழமைகளில் அவள் சுட்டுக் கொண்டுவரும் இலவங்கப்பட்டை பன்னுக்கு ஈடு இணை இல்லை. வில்லோ ஓடைப் பாலத்தை நாங்கள் மிகச் சிறப்பாக முடித்தோம். இவ்வளவுதான். பாலம் வந்த இடத்தில் மட்டும் அவள் காணாமல் போயிருந்தாள்.

அவளுக்குக் காது வரை சூடேறியது. வடக்கு மாவட்டத்தில் பால வரைபடங்களைச் சரிபார்க்கும் ஓடெட் கோதே ஓய்வு பெறுகிறாள். அந்த இடத்துக்கு லரீசாவைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். ஆனால் வரைபடத்தில் முத்திரை குத்தப் பதிவு வேண்டும். குளிர்காலம் முடிந்து ஓடைகளில் பனி உடைவதற்குள் அது வராவிட்டால் வேறு ஆளைப் பார்ப்போம் என்று சொல்லியிருந்தார்கள்.

டெல்மர் அந்நேரம், பனித்தரையில் கல்லைச் சறுக்கிவிட்டு ஆடும் கர்லிங் மன்றத்தில்தான் இருப்பார். அங்கேயே போனாள். அவர் பெஞ்சில் உட்கார்ந்து ஆட்டக் காலணியை மாட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன எழுதியிருக்கீங்க டெல்மர்?"

"நல்லாத்தானே எழுதினேன். என் சொந்த மகளுக்குக்கூட இவ்வளவு எழுதினதில்ல."

"பன்னைப் பத்தி எழுதியிருக்கீங்க."

"நல்ல பன்னும்மா அது."

"சங்கத்துல பன் சுடறதுக்கா பதிவு குடுக்கறாங்க? அந்த ஓடையில தூணை எவ்வளவு ஆழம் இறக்கணும்னு சொன்னது யாரு?"

டெல்மர் பக்கத்திலிருந்த, ஆட்டத்தில் பனியைத் தேய்க்கும் துடைப்பத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "நாமதான்."

"நாமன்னா யாரு? மாவட்டத்துல செலவைக் குறைன்னாங்க. நீங்க சரின்னு பாதி ஆழத்துக்கு முத்திரை குத்தப் போனீங்க. பனி தூணைக் கவ்விக்கிட்டு, தண்ணி ஏறும்போது பல்லைப் பிடுங்கற மாதிரி பிடுங்கிடும்னு உங்க மேசை முன்னாடி நின்னு கத்தினது யாரு?"

"மெதுவா பேசு. அதோ ஊராட்சித் தலைவர் நிக்கறாரு." அவர் குரலைத் தாழ்த்தினார். "திறப்பு விழாவுல நான் என்ன பேசினேன்னு உனக்குத் தெரியும். இப்ப போயி அதெல்லாம் அவ யோசனைன்னு எழுதினா என் மூஞ்சிய எங்க கொண்டு வெச்சுக்கறது?"

"அப்ப என் வேலை?"

"அடுத்த வருஷம் பாத்துக்கலாம். இங்க உனக்கு என்ன குறை? எல்லாருக்கும் உன்னைப் பிடிச்சிருக்கு."

இத்தனை வருடம் இந்த மனிதரைத் தங்கமானவர் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தோமே என்று அவளுக்கு ஆத்திரம் வந்தது. கெட்டது எழுதியிருந்தால் சண்டையாவது போடலாம். தேனைத் தடவியே ஒருத்தியை மூடி மறைத்தவரை என்ன செய்வது? "நல்லா ஆடுங்க," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

அருகிலிருந்து அவள் வேலையைப் பார்த்த இன்னொருவர் என்றால் ஓடெட்தான். அவளுக்கும் லரீசாவுக்கும் ஏழாம் பொருத்தம் என்பது எல்லாருக்கும் தெரியும். லரீசா அனுப்பிய வரைபடங்களைத் திருப்பித் திருப்பி அனுப்பியவள் அவள். அந்த இடத்துக்கு லரீசாவா என்று கேட்டு உதட்டைப் பிதுக்கினாள் என்றும் பேச்சு. வேறு வழியில்லாமல் லரீசா வடக்கே வண்டியை விட்டாள்.

ஓடெட், டெல்மர் எழுதிய சான்றின் நகலைப் படித்துவிட்டு அதை மேசையின் மறு ஓரத்துக்குத் தள்ளினாள்.

"இது சான்றா? கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கறவன் எழுதின மாதிரி இருக்கு."

"நீங்க எழுதுவீங்களா?"

"எழுதறேன். ஆனா இனிக்க இனிக்க எழுத எனக்கு வராது. பாலத்தோட ரெண்டு பக்கக் கைப்பிடியையும் நெருக்கமா வெச்சே, அகலமான விதைப்பு இயந்திரம் உள்ள நுழையாதுன்னு திருப்பி அனுப்பினேன்ல? அதையும் எழுதுவேன்."

"அதையுமா?"

"அதையும்தான். நீ மறுநாளே ஒரு விவசாயி வீட்டுக்குப் போயி இயந்திரத்தை அளந்துட்டு வந்து, தப்பு என்னோடதுன்னு சொன்னியே, அது வேண்டாமா? தூண் விஷயத்துல நான்தான் செலவைக் குறைன்னு சொன்னேன். நீ என்னை வண்டியில ஏத்திட்டுப் போயி, பனி தூக்கிவிட்ட பழைய பாலத்துக்குக் கீழ நிக்க வெச்ச. என் பூட்ஸ் முழுக்கச் சேறு. நான் சொன்னது தப்புன்னு எழுத எனக்கு என்ன வெக்கம்?"

"என்னைப் பத்தி உதட்டைப் பிதுக்கினீங்கன்னு சொன்னாங்க."

"லேசுல ஒத்துக்கற ஆள் இல்லன்னு சொன்னேன். இந்த நாற்காலிக்கு வேற எப்படிப்பட்ட ஆள் வேணும்?"

ஓடெட் எழுதியதில் ஒரு புகழ்ச்சி வார்த்தை கிடையாது. எந்தக் கணக்கு, யார் போட்டது, எங்கே தவறியது, எப்படித் திருத்தியது என்று மட்டும் இருந்தது. பனி உடையும் முன்பே லரீசாவுக்குப் பதிவு வந்தது. கிளம்புகிற வெள்ளிக்கிழமை அவள் பன் சுடவில்லை. டெல்மர் காப்பி நேரத்தில் வெறும் மேசையை இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

கோடையில் அவளுடைய புது மேசைக்கு டெல்மரின் அலுவலகத்திலிருந்து ஒரு பாலத்தின் வரைபடம் வந்தது. கணக்கு சுத்தமாக இருந்தது. மண்ணின் தன்மையைப் புதுவிதமாக யோசித்து அடித்தளத்தையே மாற்றியிருந்தார்கள். டெல்மருக்கு ஏழு பிறவி எடுத்தாலும் அது தோன்றியிருக்காது. அவளுக்குப் பின் அங்கே வேலைக்குச் சேர்ந்த பெண்ணின் முகம் நினைவுக்கு வந்தது. கிளம்பும்போது ஒருமுறை பார்த்ததுதான்.

முகப்புக் கடிதத்தில், டெல்மரின் கையெழுத்துக்கு மேலே, நாங்கள் வடிவமைத்தோம் என்று இருந்தது.

லரீசா அந்த 'நாங்கள்' மேல் சிவப்பு மையால் வட்டம் போட்டாள். பக்கத்தில், "யார் போட்ட கணக்கு? பெயர் எழுதி அனுப்பவும்," என்று எழுதித் திருப்பி அனுப்பினாள்.