உம் கொட்டுகிறவள்

வெயில் உப்பின் மேல் விழுகிறது. விழுந்த இடத்தில் நிற்பதில்லை. எழும்பி முகத்துக்கு வருகிறது. தூத்துக்குடி உப்பளத்தில் காலையிலேயே கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் பார்க்க வேண்டும்.

அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்துதான் செல்வக்கனி அக்கா பேசினாள். அவள் பாத்தியில் உப்பு வாருகிறவள். நான் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறவள். மிச்ச நேரத்தில் எங்கள் ஊர் சமுதாய வானொலிக்கு டாக்குமென்டரி செய்யப் பழகுகிறேன். படம் கிடையாது. குரல் மட்டும்.

மழையைப் பற்றிக் கேட்டேன். அவள் பிள்ளையைப் பற்றிச் சொன்னாள்.

திடீர் மழை. குவித்த உப்பைத் தார்ப்பாய் போட்டு மூட எல்லோரும் ஓடுகிறார்கள். நிறைமாதத்தோடு அவளும் ஓடுகிறாள். கொட்டகையிலேயே பிறந்தது. அழவில்லை. மழை விட்டபோது உப்பும் இல்லை, பிள்ளையும் இல்லை.

அதற்கப்புறம் இத்தனை வருடத்தில் ஒருவரிடமும் அதைப் பேசியதில்லையாம். "ரேடியோல வரட்டும் பிள்ள. அப்படி ஒண்ணு பொறந்துச்சுன்னு நாலு பேருக்குத் தெரியட்டும்" என்றாள்.

தலைகால் புரியாமல் நிலையத்துக்கு ஓடினேன். எடிட்டிங் சொல்லித்தரும் நிஷாந்தி ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் கழற்றிவிட்டாள்.

"நீ ரெக்கார்ட் பண்ணப் போனியா, கத கேக்கப் போனியா?"

ம். ம்ம். ஆமாக்கா. ம். ஐயோ. ம். அக்காவின் ஒவ்வொரு வாக்கியத்தின் மேலும் என் குரல் ஏறி உட்கார்ந்திருந்தது.

எங்கள் வீட்டில் யாராவது ஏதாவது சொன்னால் உம் கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் தூங்கிவிட்டதாக அர்த்தம். பேட்டி எடுக்கும்போது வாயைத் திறக்காதே, தலையை மட்டும் ஆட்டு என்று நிஷாந்தி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். எங்கே கேட்டேன்.

வெட்டிப் பார்த்தேன். என் 'ம்' போனால் அவளுடைய பாதி வார்த்தையும் சேர்ந்து போனது. எனக்கு என் மேலேயே எரிச்சலாக வந்தது. ஒரு பிள்ளை இரண்டாவது முறையும் இல்லாமல் போகிறது, இந்த முறை என்னால்.

மறுபடி போனேன். மறுபடி வெயில். விஷயத்தைச் சொன்னேன். அக்கா உட்கார்ந்து முதலிலிருந்து தொடங்கினாள். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினேன்.

அவள் பேச்சில் மழை வந்தது. தார்ப்பாய் வந்தது. வலி வந்தது. அதோடு நிறுத்திவிட்டாள்.

"கேக்கியா, இல்லியா? செவுத்துகிட்ட பேசுத மாதிரி இருக்கு. எனக்கு வரல பிள்ள. அன்னைக்கு நீ கேட்ட, சொன்னேன். அதையே போடு."

அதையே போட்டோம். என் எல்லா 'ம்'மோடும். நிஷாந்தி கையெடுத்துக் கும்பிட்டாள், கேலியாகத்தான்.

ஒலிபரப்பு மதியச் சாப்பாட்டு நேரத்தில். நிலையத்தில் இருக்கப் பயந்து அளத்துக்கே போய்விட்டேன். கொட்டகையில் பெண்கள் தூக்குவாளியைத் திறந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தியின் செல்போனில் ரேடியோ. அக்கா ஓரமாக, முழங்காலைக் கட்டிக்கொண்டு.

என் முதல் 'ம்' வந்தது. கூசிப்போனேன். இரண்டாவது வந்தது. யாரும் சிரிக்கவில்லை. சோறு பிசைந்த கைகள் அப்படியே நின்றன.

மழை. தார்ப்பாய். வலி. கொட்டகை. "அழல பிள்ள." ம். "அதுக்கு மனசுக்குள்ள ஒரு பேரு வச்சிருந்தேன்."

பேட்டியில் அதற்கு மட்டும் நான் உம் கொட்டவில்லை. அந்த இடத்தில் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன். ரேடியோவில் சத்தமே இல்லை. வெறும் காற்று.

"ம்" என்றாள் செல்போன் வைத்திருந்தவள்.

"ம்" என்றாள் பக்கத்தில் இருந்தவள். அப்புறம் இன்னொருத்தி. கொட்டகை முழுக்க, தணிந்த குரலில்.

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். எல்லோரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ரேடியோவில் அவள் அந்தப் பேரைச் சொன்னாள்.