கை மாற்றும் மேடை

செத்தவர்களால் எனக்கு ஒருநாளும் தொந்தரவு வந்ததில்லை. கல்லறைத் தோட்டத்து மேற்பார்வையாளனாக இத்தனை வருடம் குப்பை கொட்டியதில் நான் பட்ட பாடெல்லாம் உயிரோடு இருப்பவர்களால்தான். அதிலும் நிர்வாகக் குழு என்று ஒன்று இருக்கிறதே, அதைப் பற்றி வாயைத் திறக்காமல் இருப்பதே என் பிழைப்புக்கு நல்லது. இன்று திறந்துவிடுகிறேன்.

அன்று காலை வாசலில் வண்டி வந்து நின்றது. உள்ளே பெட்டி. பெட்டிக்குள், எல்லோரும் ‘லாரி’ என்று கூப்பிட்ட டிரைவர். குடித்துவிட்டு ஓட்டி, பள்ளிக்கூடத்து வாசலில் ஒரு சிறுமியை அடித்துக் கொன்றவன். ஜெயிலுக்குப் போனான், வெளியே வந்தான், ஈரல் கெட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டான். அவனுடைய அம்மாவை மேட்டுப் பக்கம் புதைத்திருக்கிறோம். அந்தக் குழியை அப்போதே ஆழமாக வெட்டி, மேலே இன்னொரு பெட்டிக்கு இடம் விட்டிருந்தோம். குழிவெட்டி விடிந்ததுமே மண்ணை எடுத்துத் தயாராக வைத்துவிட்டார்.

சிக்கல் என்னவென்றால், அந்தச் சிறுமியும் இதே தோட்டத்தில்தான் இருக்கிறாள்.

குழு என் அறையில் அவசரமாகக் கூடியது. குழு என்றால் தலைவர் பல் டாக்டர், செயலாளர் பெயிண்ட் கடைக்காரர். ‘தோட்டத்தின் அமைதிக்குக் குந்தகமானவர்களை மறுக்கலாம்’ என்று எங்களிடம் ஒரு விதி உண்டு. தூக்குப் போட்டுக்கொண்டவர்கள், வேறு மதத்தில் கட்டிக்கொண்டவர்கள் என்று அந்தந்தக் காலத்துக்கு ஆகாதவர்களை அதைக் காட்டியே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். மண்ணுக்குள் போனவன் எழுந்து வந்தா அமைதியைக் கெடுக்கப் போகிறான்? நான் கேட்டதில்லை. சம்பளக்காரன் கேட்கிற கேள்வியா அது?

“அந்தத் தாய் மனசை நெனச்சுப் பாருங்க. வாரா வாரம் வர்றாங்க. இவனும் இங்கதான் கெடக்கறான்னு நெனைக்கும்போதெல்லாம் வயிறு எரியாதா?” என்றார் பல் டாக்டர்.

“அவங்ககிட்ட கேட்டீங்களா?” என்றேன்.

“இதைப் போய் எப்படிங்க கேக்கறது?” என்றார் பெயிண்ட் கடைக்காரர். முகத்தில் அப்படி ஒரு இரக்கம்.

முடிவை வாசலில் போய்ச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. லாரியின் அக்கா வண்டிக் கதவைப் பிடித்தபடி நின்றிருந்தாள். ரொட்டிக் கடையில் வேலை செய்பவள். கூட வேறு யாரும் வரவில்லை. நான் சொன்னதும் அவள் சண்டை போடவில்லை.

“வேற எங்க சார் கொண்டுபோவேன்? ஊருக்கு வெளிய அனாதைப் பொணத்தைப் போடுற எடம்தான் இருக்கு. அவனை எங்கிட்ட கொண்டாந்து சேத்துடுன்னு எங்கம்மா கடைசியா என் கையைப் பிடிச்சிக் கேட்டாங்க. சரின்னு சொல்லித் தொலைச்சிட்டேன்.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. லாரிமேல் எனக்குப் பாசம் ஒன்றும் கிடையாது. ஒருத்தியைக் கேட்காமலே அவள் வலியை எடுத்துக் கதவுக்குத் தாழ்ப்பாளாகப் போட்டார்களே, அதுதான் பொறுக்கவில்லை. “கொஞ்சம் இரும்மா” என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

சிறுமியின் அம்மா தையல் கடை வைத்திருக்கிறாள். கழுத்தில் அளவு நாடா, கால் மிஷினில். நான் சொல்லச் சொல்ல மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. குழு மறுத்துவிட்டது என்றதும் நின்றது.

“எதுக்காக மறுத்தாங்க?”

“உங்களுக்காகன்னு சொல்றாங்கம்மா.”

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “எம் பொண்ணு போனப்ப இவங்கள்ல ஒருத்தர்கூட என் வாசப்படி மிதிக்கல. இப்ப எம் பேரைச் சொல்லிக் கதவைச் சாத்துறாங்களா?”

ஸ்கூட்டரில் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

வாசலில் இறங்கியவள் பெட்டியையும் பார்க்கவில்லை, அக்காவையும் பார்க்கவில்லை. நேரே அங்கே நின்றிருந்த பல் டாக்டரிடம் போனாள்.

“நான் அவனை மன்னிக்கல. மன்னிக்கவும் மாட்டேன். ஆனா வேணாம்னு சொல்லணும்னா எனக்கு வாய் இருக்கு. எனக்காக நீங்க சொல்ல வேணாம். அவன் அம்மாகிட்டயே கொண்டுபோய் வைக்கட்டும்.”

சொல்லிவிட்டு உள்ளே நடந்து மகளிடம் போய்விட்டாள். பல் டாக்டர் தொண்டையைச் செருமி, குழுவுக்கு ஆட்சேபணை இல்லை என்றார். தூக்க ஆள் வேண்டும் என்றதும் அவருக்குக் காத்திருக்கும் நோயாளி ஞாபகம் வந்தது. பெயிண்ட் கடைக்காரருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

ஆக, ஆளுக்கொரு மூலையாக வண்டி டிரைவர், குழிவெட்டி, நான், அக்கா.

எங்கள் பாதையில் வண்டி போகாது. பாதித் தூரத்தில் திருப்பம், அங்கே இடுப்பளவு சிமெண்டு மேடை. தூக்கி வருகிறவர்கள் பெட்டியை அதில் வைத்து, கை மாற்றிக்கொண்டுதான் மேடேறுவார்கள். எப்பேர்ப்பட்ட பயில்வானும் ஒரே மூச்சில் போனதில்லை. சிறுமியின் கல்லறை அந்த மேடையை ஒட்டித்தான் இருக்கிறது. அவள் அம்மா அங்கே எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். கைப்பையும் அளவு நாடாவும் மேடைமேல் கிடந்தன.

“இங்க வைக்க வேணாம், அப்படியே போயிடலாம்” என்று மெதுவாகச் சொன்னேன். அக்கா தலையாட்டினாள். மேடையைத் தாண்டி மேட்டில் கால் வைத்ததும் அவள் கை நழுவியது. பெட்டி அவள் பக்கம் சாய்ந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு முட்டுக் கொடுத்தாள். எனக்கும் விரல் மரத்துவிட்டது.

தையல்காரி திரும்பிப் பார்த்தாள்.

“ஏன் வைக்காமப் போறீங்க? எல்லாரும் இங்கதான வைப்பாங்க?”

“இல்லம்மா… பாப்பா பக்கத்துல…” என்றேன்.

அவள் அப்போதுதான் முதல்முறையாகப் பெட்டியைப் பார்த்தாள். பிறகு எழுந்து, மேடைமேல் இருந்த பையையும் நாடாவையும் எடுத்துக்கொண்டாள்.

“வைங்க. எனக்குத்தான் கோவம் தீராது. எம் பொண்ணுக்கு எப்பவும் அஞ்சு நிமிஷம்தான்.”

வைத்தோம்.