மூன்று டிகிரி இடைவெளி

குளிர் அறை ஆறு டிகிரியைத் தாண்டினால் எச்சரிக்கைச் சங்கு ஊதும். ஒரு புள்ளி இறங்கினால் அடங்கும். யாராவது கதவைத் திறந்து தும்மினாலே போதும், ஊதும், அடங்கும், மறுபடி ஊதும். ஒரு நாளைக்கு நாலாயிரம் தடவை என்று கட்டுப்பாட்டு அறைக்காரர் சத்தியம் செய்வார். சுவரிலிருந்த பல்லிகளே குடும்பத்தோடு அடுத்த கட்டடத்துக்குக் குடிபோய்விட்டன.

அதிகம் நொந்தவர் அவருடைய தங்கை கணவர். பயிர் நோய்க்கு மருந்து தேடி ஒன்பது வருஷமாக வளர்த்த பூஞ்சைகளைக் கண்ணாடித் தட்டுகளில் அந்த அறைக்குள் அடுக்கியிருந்தார். சங்கோ அவர் மேசைக்கு நேர் மேலே.

"மச்சான், ஒண்ணு அதை நிறுத்துங்க, இல்ல என்னை உள்ளே வச்சுப் பூட்டிருங்க."

ஊதும் அளவுக்கும் அடங்கும் அளவுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி விட்டால் தீர்ந்தது. அரை டிகிரி போதும். இவரோ தங்கை வீட்டுக்குச் சீர் செய்வதுபோலத் தாராளமாக மூன்று டிகிரி போட்டார். ஆறைத் தாண்டி எழும் எச்சரிக்கை, இனி மூன்றுக்கு இறங்கினால்தான் அடங்கும்.

சங்கு ஒரே தடவை ஊதியது. 'பார்த்தாயிற்று' பொத்தானை அமுக்கினார், சத்தம் போனது. சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது. கண்ணை உறுத்தியதால் அதன்மேல் டேப்பை ஒட்டினார். அப்படியொரு அமைதி! கல்யாணமான நாளிலிருந்து அவர் சிரித்து இப்போதுதான் பார்க்கிறேன் என்று தங்கை போனில் சொன்னாள்.

அந்த அறை பிறந்ததிலிருந்து நாலு டிகிரிக்குக் கீழே போனதே இல்லை. அது இவர் நினைவுக்கு வரவில்லை. அடங்காத எச்சரிக்கை புதிதாக எப்படி எழும்?

சனிக்கிழமை குளிரூட்டும் மோட்டார் நின்றது. திங்கட்கிழமை காலை மாப்பிள்ளை கதவைத் திறந்தபோது உள்ளே இருபத்தேழு டிகிரி. தட்டுகளில் எல்லாம் ஒரே சாம்பல் பூசணம், எது எதுவென்று தெரியாமல்.

கட்டுப்பாட்டு அறைக்கு வந்து மெதுவாகக் கேட்டார்.

"சங்கு ஏன் ஊதல மச்சான்?"

இவர் டேப்பை உரித்தார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"பத்து நாளைக்கு முன்னாடியே ஊதிருச்சு மாப்ள. நான்தான் அமுக்கிட்டேன்."

மாப்பிள்ளை திட்டியிருந்தால் தேவலை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி தொடங்க இன்னொரு ஒன்பது வருஷம் வேண்டும். அவர் ஓய்வுபெற மிச்சமிருந்தது இரண்டு.

சாயங்காலம் மோட்டார் ஓடியது. இவர் மூன்றை அழித்து அரை என்று போட்டார். ஐந்தரை டிகிரிக்கு இறங்கியதும் விளக்கு தானாக அணைந்தது. இனி அனாவசியமாக ஊதாது, ஊத வேண்டிய நேரத்தில் தவறாது. உள்ளே கழுவிய அலமாரிகள் காலியாக நின்றன.

தங்கை போன் செய்தாள். அது அடித்து ஓயும்வரை இவர் எடுக்கவில்லை.