இரண்டு துண்டு நீலம்

சித்ரகலா அப்பாவின் தலையைத் தூக்கி அடியில் இன்னொரு தலையணையைச் செருகிக்கொண்டிருந்தபோது, யாரோ மறுபடியும் மின்விசிறியைப் போட்டுவிட்டார்கள். எழுந்துபோய் அணைத்தாள். தலை உயரமாக இருக்க வேண்டும், விசிறி ஓடக்கூடாது, மூடிய இமைகளின்மேல் ஈரப்பஞ்சு வைத்திருக்க வேண்டும் என்று கண் வங்கியிலிருந்து போனில் சொல்லியிருந்தார்கள். பஞ்சு காய்ந்துபோயிருந்தது. டம்ளர் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து திரும்ப வைத்தாள்.

கூடத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் முந்தானையால் விசிறிக்கொண்டார்கள்.

"இப்படியே கொஞ்ச நேரம் போனா அவனுக்குத் துணைக்கு நாமளும் கிளம்பிருவோமாட்ட இருக்குது" என்றாள் தெய்வாத்தாள் அத்தை. அவள் அப்பாவின் அக்கா. அழுது ஓய்ந்து, வெற்றிலையை எடுக்கலாமா கூடாதா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஏஞ்சாமி, கண்ணைக் குடுத்துப்போட்டா மேல போறவனுக்கு வழி எப்படித் தெரியும்?" என்று கேட்டாள்.

சுவரோரம் சாய்ந்திருந்த அம்மா பழனாத்தாள்தான் நாத்தனாருக்குப் பதில் சொன்னாள். "அவரு சொல்லிவச்சதுங்க நங்கையா. கண்தான முகாம் போட்டன்னைக்கே எங்கிட்டச் சொல்லிட்டாரு."

காலையில் பல் விளக்கிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்த மனிதர், காப்பி வருவதற்குள் சாய்ந்துவிட்டார். அவர் சொல்லிவைத்தவற்றில் எதை மாற்ற முடியும்?

கண் வங்கியிலிருந்து வந்தவர் பெயர் பாண்டித்துரை. தெற்கத்திக்காரர். பைக்கின் பின்னால் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு, நெருப்பெரிச்சல் ஊர்ச் சந்துகளில் வழி கேட்டுக் கேட்டு வந்து சேர்ந்திருந்தார். எல்லோரையும் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, டார்ச் பிடிக்க ஒரு ஆள் மட்டும் வேண்டும் என்றார். சித்ரகலா நின்றுகொண்டாள். நாற்பது வயதைத் தாண்டியவள். கோயமுத்தூரில் ஒரு கல்லூரியில் உளவியல் சொல்லிக்கொடுப்பவள். மயங்கி விழமாட்டாள் என்று எல்லோரும் நம்பினார்கள்.

அப்பாவுக்குக் கொஞ்ச நாளாகப் பார்வை மங்கல், ஆபரேஷனுக்கு வரமாட்டேன் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார், அப்படிப்பட்ட கண்ணை எடுத்துக்கொள்வார்களா என்று தயக்கத்தோடு கேட்டாள்.

"அதுக்கென்னக்கா. நாங்க எடுக்கறது முன்னாடி இருக்கற கருவிழித் தோலு. அது பளிங்கு மாதிரி இருக்கு" என்றார் பாண்டித்துரை, இமையை விரித்து வெளிச்சத்தில் குனிந்தபடி. "கோளாறு உள்ளுக்குள்ள இருக்கற லென்சுல. இங்க பாருங்க, டீத்தண்ணி கணக்கா பழுத்துக் கெடக்கு. இது ரொம்ப வருசத்துக் கதை."

"ரொம்ப வருசம்னா எத்தனைங்க?"

"நான் டாக்டர் இல்லக்கா. ஆனா நேத்து முந்தாநாள் வந்தது இல்ல. பையப் பையத்தான் பழுக்கும். அவுகளுக்கே தெரியாது." அவருக்குப் பேசிக்கொண்டே வேலை செய்கிற பழக்கம்; இருப்பவர்களின் பயம் போவதற்காக இருக்கலாம். "எங்க ஆசுபத்திரில ஆபரேசன் முடிஞ்சு கட்டப் பிரிச்சதும் பெருசுங்க சன்னலப் பாத்து என்ன சொல்வாகங்கிறீங்க? ஏ, வானம் இம்புட்டு நீலமாவா இருக்குன்னு கேப்பாக. உள்ளுக்குள்ள மஞ்சக் கண்ணாடி போட்டுக்கிட்டுப் பாத்த கணக்குத்தானக்கா? நீலம்தான் மொதல்ல போகும்."

வெளிச்சம் நகர்ந்துவிட்டது.

"லைட்டு, அக்கா" என்றார் பாண்டித்துரை.

அவள் டார்ச்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

அப்பா சென்னியப்பன் சாயப்பட்டறையில் மாஸ்டராக இருந்தவர். பட்டறை அவருடைய மைத்துனர், அம்மாவின் தம்பி கதிர்வேலுடையது. வியாபாரி ஒரு துண்டுத் துணியைக் கொடுத்து இதே நிறம் வேண்டும் என்பார். சென்னியப்பன் சாயத்தைக் கூட்டிக் குறைத்து அந்த நிறத்தைக் கொண்டுவருவார். இரண்டு துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து அவர் தலையாட்டினால்தான் மொத்தத் துணியும் தொட்டிக்குள் இறங்கும். அந்தத் தலையாட்டலை நம்பிப் பட்டறை பல காலம் ஓடியது.

பல வருடங்களுக்கு முன்னால் ஒருநாள், நேவி என்கிற கருநீல நிறத்தில் போன சரக்கு முழுக்கத் திரும்பி வந்தது. கேட்ட நிறம் நீலம். போனது ஏறக்குறைய கறுப்பு. கதிர்வேல் இரண்டு துண்டுகளையும் எடுத்துக்கொண்டு நேராக இந்த வீட்டுக்கு வந்தார். கோபமாக வரவில்லை. தப்பாகிவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றுதான் சொன்னார். சென்னியப்பனோ இரண்டும் ஒன்றுதான் என்றார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றுதான் என்றார்.

விடுமுறைக்கு வந்திருந்த சித்ரகலாவை அப்பா கூப்பிட்டார். சன்னல் வெளிச்சத்தில் இரண்டு துண்டுகளையும் அவள் கையில் கொடுத்தார்.

"நீ பாரு அம்முணி. ரெண்டும் ஒண்ணுதானே?"

பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரிகிற வித்தியாசம். மாமா நின்றுகொண்டிருந்தார். அம்மா அடுக்களை வாசலில் நின்றாள். இவ்வளவு பேர் முன்னால் அப்பா ஏன் இப்படி அடம்பிடிக்கிறார் என்று அவளுக்கு அவமானமாக இருந்தது.

"பொய் சொல்லாதீங்கப்பா" என்றாள்.

அப்பா அவள் கையிலிருந்து துண்டுகளை வாங்கிக்கொண்டார். மறுநாளிலிருந்து பட்டறைக்குப் போகவில்லை. மாமாவும் வரச்சொல்லி ஆள் அனுப்பவில்லை. பிறகு ஒரு தறிக் குடோனில் காவலுக்கு உட்கார்ந்தார். மகளிடம் பேசாமல் இருந்ததில்லை; சாப்பிட்டாயா, பஸ் கிடைத்ததா என்றெல்லாம் கேட்பார். ஆனால் எதையும் 'பாரு' என்று காட்டியதில்லை. தீபாவளிக்குச் சேலை எடுக்கப் போனால் கடைக்கு வெளியே நின்றுகொண்டு, உங்களுக்குப் பிடித்ததை எடுங்கள் என்பார். ரோஷம் என்று அவள் நினைத்தாள். மனத்தைப் பற்றிப் படித்தவள். அதற்கு ஆங்கிலத்தில் ஒரு பெயரும் வைத்திருந்தாள்.

இதில் கொடுமை என்னவென்றால், வருடா வருடம் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு அவள் நடத்துகிற முதல் பாடமே இதுதான். மனத்தைப் பற்றிய அறிவியல் எங்கிருந்து தொடங்கியது? தத்துவக்காரர்கள் மனத்தை அளக்கவே முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், வானத்தைப் பார்க்கிற ஒரு நிலையத்தில் ஒரு உதவியாளன் இருந்தான். தொலைநோக்கியில் கட்டிய கம்பியை நட்சத்திரம் எந்தக் கணத்தில் கடக்கிறது என்று குறிப்பது அவன் வேலை. அவன் குறித்த நேரமும் தலைவர் குறித்த நேரமும் ஒரு நொடிக்கும் குறைவாக வேறுபட்டன. கவனமில்லாதவன் என்று அவனை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள். காலம் கழித்து வேறொரு நாட்டில் ஒருவர் அந்தக் குறிப்பைப் படித்துவிட்டு யோசித்தார்: அவன் பார்த்ததைத்தானே எழுதியிருப்பான்? சோதித்துப் பார்த்தபோது, எந்த இரண்டு பேருக்கும் ஒரே கணத்தில் தெரிவதில்லை என்று புரிந்தது. பார்ப்பது வேறு, பார்க்கிறவர் வேறு என்று பிரித்துப் பார்க்கத் தொடங்கிய இடம் அது. ஒருவர் தனக்கு இப்படித் தெரிகிறது என்று சொன்னால் அதை மறுக்க வெளியே நிற்கும் யாருக்கும் வழியில்லை. அந்தச் சொல்லை மதித்து எடுத்துக்கொண்டுதான் நம் பாடமே ஆரம்பம் என்று அவள் சொல்லும்போது பிள்ளைகள் குறித்துக்கொள்வார்கள்.

போன வருடம் ஒரு பெண் எழுந்து, அப்புறம் அந்த உதவியாளருக்கு வேலை திரும்பக் கிடைத்ததா மேடம் என்று கேட்டாள். அதற்குள் அவர் இறந்துபோயிருந்தார் என்று சொல்லிவிட்டு சித்ரகலா அடுத்த பாடத்துக்குப் போய்விட்டாள். அந்த வகுப்பறையிலிருந்து இந்த வீடு பஸ் ஏறினால் வந்துவிடுகிற தூரம்தான். ஒருதடவைகூட அவள் அந்தப் பாடத்தோடு இங்கே வந்து சேரவில்லை.

"முடிஞ்சதுக்கா" என்றார் பாண்டித்துரை. இமைகளை மூடி, முகத்தைத் துடைத்துவிட்டிருந்தார். அப்பா முன்போலவே இருந்தார்.

அவள் வெளியே வந்தபோது கதிர்வேல் மாமா பந்தலுக்கடியில் நின்றுகொண்டிருந்தார். பிறந்த வீட்டுக் கோடித்துணியை அம்மாவுக்கு அவர்தான் போட வேண்டும். துணிப்பையைக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். இத்தனை வருடமாக அக்காவைப் பார்க்க வருவார், வாசலிலேயே பேசிவிட்டுப் போவார். இன்றும் உள்ளே போகாமல் நின்றார்.

அவள் பக்கத்தில் போனாள். கண் எடுத்தவர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னாள். உள்ளே பழுப்பாக இருந்ததை, அது பல வருடமாக இருந்திருக்கும் என்பதை, வயதானவர்கள் சன்னலைப் பார்த்துச் சொல்வதை.

"அப்பாவுக்கு ரெண்டும் ஒண்ணாத்தானுங்க மாமா தெரிஞ்சிருக்கும். அவரு தெரிஞ்சதைத்தான் சொன்னாருங்க."

மாமா பந்தல் கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னைக்கு நான் பாதி மனசாத்தான் வந்தேன்" என்றார். "மச்சான் பொய் பேசற ஆளில்லீன்னு எனக்குத் தெரியும். நாந்தான் தப்பாப் பாக்கறனோன்னுகூட இருந்துச்சு. வர்ற வழியெல்லாம் அதுதான் நெனப்பு. நீ சொன்னதுக்கப்புறந்தான் அம்முணி…"

குத்திக்காட்டுகிற குரல் இல்லை அது. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான்.

வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது. பாண்டித்துரை ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு பைக்கைத் திருப்பியிருந்தார். சந்தில் இழவுக்கு வந்தவர்களின் வண்டிகள் கண்டபடி நின்றன. நடுவில் துணி உருளைகள் ஏற்றிய டெம்போ ஒன்று புகுந்து, முன்னேயும் போகாமல் பின்னேயும் போகாமல் நின்றது. இந்திக்காரப் பையனான ஓட்டுநர் கையை விரித்தான். சீக்கிரம் போய்ச் சேர வேண்டும் என்று பாண்டித்துரை யாரிடமென்று இல்லாமல் சொன்னார்.

மாமா துணிப்பையை சித்ரகலாவிடம் கொடுத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சந்தில் இறங்கினார். ஆட்களைக் கூப்பிடவில்லை. பூட்டியிருந்த இருசக்கர வண்டிகளின் பின்பக்கத்தைத் தூக்கித் தூக்கித் தானே ஓரமாக நகர்த்தினார். அவருக்கும் வயதாகிவிட்டது, ஒவ்வொன்றுக்கும் நின்று மூச்சு வாங்கினார். இரண்டு பேர் உதவிக்கு ஓடினார்கள், வேண்டாம் என்று கையைக் காட்டினார். டெம்போ சுவரோடு ஒட்டிக்கொண்டது. கிடைத்த இடைவெளியில் பைக் வளைந்து போய், முக்கில் திரும்பி மறைந்தது.

உள்ளே அத்தை, குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்துவரச் சொல்லிக் கூப்பிட்டாள். யாரோ விசிறியைப் போட்டார்கள். கூடத்தில் இருந்தவர்கள் அப்பாடா என்று முந்தானையைத் தாழ்த்தினார்கள்.

சந்து காலியாகியும் மாமா திரும்பவில்லை. யாருடைய ஸ்கூட்டர் சீட்டிலோ ஒரு கையை ஊன்றிக்கொண்டு முதுகைக் காட்டி நின்றார். சித்ரகலா கோடித்துணிப் பையை மார்போடு பிடித்திருந்தாள். அவர் கக்கத்தில் வைத்திருந்த சூடு அதில் இன்னும் இருந்தது.