தினம் பத்து நிமிடம்

இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் சட்டியைக் கழற்றி, தரையில் விரித்த பழைய செய்தித்தாளின் மேல் கவிழ்த்தார் மெக்கானிக் பொறுமை. எதுவும் ஊற்றவில்லை. சட்டியின் முதுகில் இரண்டு தட்டு தட்டினார். அப்போதுதான் தார் போல ஒரு கறுப்புக் கட்டி சோம்பலாக வழுக்கி வந்து தாளின் மேல் உட்கார்ந்தது. காரின் சொந்தக்காரரான பம்ப் ஆபரேட்டர் குனிந்து அதைப் பார்த்தார். இருபத்தெட்டு வருஷமாக இயந்திரங்களோடு குடித்தனம் நடத்துகிறவர். அது என்னவென்று யாரும் அவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. இருந்தாலும், பொறுமை வேறு ஏதாவது சொல்லிவிட மாட்டாரா என்று காத்து நின்றார்.

மெக்கானிக்கின் சொந்தப் பெயர் அந்தத் தெருவில் யாருக்கும் நினைவில்லை. வண்டி எப்போது கிடைக்கும் என்று கேட்பவர்களையெல்லாம் "பொறுமை, பொறுமை" என்று கையமர்த்தியே அது அவர் பெயராகிவிட்டது. வீட்டிலும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள் என்று பக்கத்து பஞ்சர் கடையில் ஒரு கேலி உண்டு.

"சார், வண்டிய எவ்வளவு தூரம் ஓட்டுவீங்க?"

"ஓட்டறதே இல்ல. நேத்துதான் பைபாஸ்ல கொஞ்சம் வேகமாப் போய்ப் பார்த்தேன். நாலு கிலோமீட்டர்ல இறுகி நின்னுடுச்சு."

"ஓட்டாத வண்டியில ஆயில் எப்படி சார் இந்தக் கோலத்துக்கு வரும்?"

"தினமும் காலையில ஸ்டார்ட் பண்ணுவேன். பத்து நிமிஷம் ஓடவிட்டு அணைச்சிடுவேன்."

"எத்தனை நாளா?"

"நாலு வருஷமா."

பொறுமை கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். திட்டுவதற்கு வாயைத் திறந்தவர், ஆபரேட்டரின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டார்.

"இது பெட்ரோல் இன்ஜின் சார். நல்லாச் சூடாகிறதுக்குள்ள அணைச்சா, உள்ள ஈரம் தங்கிடும். பெட்ரோலும் ஆயில்ல இறங்கும். தினம் தினம் அப்படியே செஞ்சா ஆயில் சேறாகத்தான் ஆகும். சும்மா போட்டு வச்சிருந்தாக்கூட ஒரு பேட்டரியோட போயிருக்கும். நீங்க பார்த்துப் பார்த்துக் கொன்னிருக்கீங்க."

ஆபரேட்டருக்குச் சுருக்கென்றது. ஊர்த் தண்ணீர் நிலையத்தில் அவர் பொறுப்பில் மூன்று பம்புகள். இரண்டு ஓடும், மூன்றாவது மாற்றுக்காக நிற்கும். நிற்கிறதை நிற்கவே விட்டுவிட்டால் தேவைப்படும் நாளில் கழுத்தறுக்கும் என்பதால் தினமும் அதைப் பத்து நிமிடம் ஓட்டிப் பார்ப்பது அவர் வழக்கம். இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட அது அவரை ஏமாற்றியதில்லை. அது மின்சார மோட்டார் என்பது அவருக்குத் தெரியாதா என்ன? தெரியும். ஆனால் காரைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் அவர் புத்தி இயந்திரத்தில் இருந்ததில்லை, அந்தத் தேவைப்படும் நாளில்தான் இருந்தது.

அந்த நாள் வந்தும்விட்டது. சனிக்கிழமை மகள் அம்மாவுக்குப் போன் செய்தாள். வாராவாரம் செய்வதுதான். பக்கத்து அறையில் அவர் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு, ஒரு வரியும் படிக்காமல், மனைவி சொல்லும் "ம்", "அப்படியா" ஆகியவற்றிலிருந்து மறுமுனையில் என்ன பேச்சு என்று கோத்துப் பார்ப்பதும் வாராவாரம் நடப்பதுதான். இந்த முறை மனைவி போனை வைத்துவிட்டு நேரே அவரிடம் வந்தாள்.

"மாப்பிள்ளைக்கு வெளிநாட்டுல வேலை கிடைச்சிருக்காம். ரெண்டு பேரும் அடுத்த ஞாயித்துக்கிழமை கிளம்பறாங்க. எப்ப திரும்புவாங்கன்னு தெரியாது. அதுக்குள்ள அப்பாவும் வரணும்னு சொல்றா."

"அப்பாவும்னா சொன்னா?"

"அப்பாவும்னுதான் சொன்னா."

அவர் பேப்பரை மடித்து, மறுபடி பிரித்து, மறுபடி மடித்தார். மகளின் ஊர் எட்டு மணி நேரத் தூரம். எட்டு மணி நேரம் ஒரு தூரமா?

இப்போது அந்த எட்டு மணி நேரத்துக்குக் குறுக்கே ஒரு கறுப்புக் கட்டி உட்கார்ந்திருந்தது. பொறுமை மூன்று வழி சொன்னார். இருக்கிற இன்ஜினையே பிரித்துச் செப்பனிடலாம். ஆபரேட்டரின் நாலு மாதச் சம்பளம் ஆகும், மூன்று வாரமும் ஆகும். உடைசல் வண்டிகள் விற்கிற இடத்தில் பழைய இன்ஜின் ஒன்றைப் பிடித்து மாற்றலாம். இரண்டரை மாதச் சம்பளம். ஒன்றும் வேண்டாம் என்றால் எடைக்குப் போடலாம். உட்கார்ந்தால் நாலு பேரின் முழங்காலும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் அந்தச் சின்னக் காரை, ஓடும் நிலையில் விற்றாலே ஒன்றரை மாதச் சம்பளத்துக்கு மேல் யாரும் தரமாட்டார்கள்.

"கணக்குப் பார்த்தா மூணாவதுதான் சார் புத்திசாலித்தனம்."

"ரெண்டாவதப் பண்ணுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்."

பொறுமை வழக்கமான வார்த்தையைச் சொல்லவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு சரி என்றார்.

புதன்கிழமை இருவரும் உடைசல் கடைக்குப் போனார்கள். கூரை நசுங்கியவை, கதவு இல்லாதவை என்று வண்டிகள் அடுக்கடுக்காகக் கிடந்தன. அதே மாடல் கார் ஒன்று, பின்பக்கம் அப்பளமாக நொறுங்கி, முன்பக்கம் கல்யாணப் பெண் மாதிரி நின்றது. கடைக்காரர் பேட்டரியை இணைத்துச் சாவியைத் திருகியதும் இன்ஜின் பிடித்துக்கொண்டது. ஆபரேட்டர் அதன் மேல் உள்ளங்கையை வைத்தார். சீரான அதிர்வு. யார் வண்டியோ, எங்கே இடித்ததோ, அதில் இருந்தவர்கள் பிழைத்தார்களோ என்று ஒரு கணம் மனசு பதறியது. அடுத்த கணமே, ஞாயிறுக்குள் மகளைப் பார்த்துவிடலாம் என்று துள்ளியது. அந்தத் துள்ளலுக்காக அவருக்கு வெட்கமாகவும் இருந்தது.

மனைவி அன்றைக்கே சொல்லிப் பார்த்தாள். "பஸ் இருக்கு, நேரா அந்த ஊருக்கே போகுது. ரெண்டு பேருக்கும் டிக்கெட் எடுத்துடட்டுமா? இன்ஜினுக்குக் கொடுக்கற காசுல நாம வருஷம் பூரா பஸ்ல போய்ட்டு வரலாம்."

"அந்த வண்டியிலதான் போகணும்."

"பிடிச்சா பிடி! காரணத்தையாவது சொல்லுங்களேன்."

காரணத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால், மகளின் கல்யாணம் நடந்த பதிவு அலுவலகத்துக்கு மனைவியை அந்தக் காரில் கொண்டுபோய் விட்டவர் அவர்தான். தான் உள்ளே வரமாட்டேன் என்று வண்டியிலேயே உட்கார்ந்துகொண்டார். இன்ஜினைக்கூட அணைக்கவில்லை. பையன் நல்லவன், வேலை நல்ல வேலை; தன்னிடம் கேட்காமல் முடிவெடுத்துவிட்டாள் என்ற ஒன்றைத் தவிர குறை சொல்ல எதுவும் இல்லை. மற்றவர்கள் உள்ளே இருக்க, மகள் தனியாகப் படியிறங்கி வந்தாள். வண்டி நிற்பதைப் பார்த்தாள். அப்பா போகவில்லை, இங்கேயே இருக்கிறார் என்று அவள் முகம் மலர்ந்ததை அவர் கண்ணால் கண்டார். புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தாள். கதவின் கைப்பிடிக்கும் அவள் கைக்கும் இடையே ஒரு முழம் இருக்கும்போது அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். திருப்பம் வரும்வரை கண்ணாடியில் அவள் நீட்டிய கையோடு நிற்பது தெரிந்தது.

ஏன் போனார்? இன்றைக்கும் அவருக்குத் தெரியாது. கால் அழுத்திவிட்டது என்றுதான் தனக்குள் சொல்லிக்கொள்வார். அதே வண்டியில் போக வேண்டும், அவள் கை எட்டும் தூரத்தில் நிறுத்த வேண்டும், உள்ளிருந்து கதவைத் தானே திறந்துவிட வேண்டும். வாயால் மன்னிப்புக் கேட்கத் தெரியாத மனுஷனுக்கு வேறு வழி தோன்றவில்லை. தினமும் அந்தப் பத்து நிமிடம் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருக்கும்போது, இதைத்தான் அவர் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை மதியம் பட்டறைக்குப் போனால், வாங்கி வந்த இன்ஜின் சங்கிலியில் அந்தரத்தில் தொங்கியது. பொறுமை கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"உடம்பு ஒண்ணுதான் சார், நரம்பு வேற. அது ரெண்டு வருஷம் பின்னாடி வந்த வண்டி. வயரிங் எல்லாம் மாத்தியிருக்காங்க. இழுத்துக் கட்டி ஓட வச்சிடலாம், ஆனா அடுத்த வாரம்தான். அப்புறம் இன்ஜின் நம்பர ஆர்.சி. புத்தகத்துல மாத்தி எழுதணும். அதுவரைக்கும் நெடுந்தூரம் எடுத்தா நடுவழியில போலீஸ் நிறுத்திடுவான்." கொஞ்சம் நிறுத்தி, "என் மேலயும் தப்பு இருக்கு, பார்த்து வாங்கியிருக்கணும். நீங்க பஸ்ல போய்ட்டு வாங்க சார். வண்டி எங்கயும் ஓடிடாது" என்றார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் முதல்முறையாக முழுசாகச் சொன்னார். கை நீட்டியது, ஒரு முழம், கண்ணாடி எல்லாம். அவள் துணி மடிப்பதை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியும். ஜன்னல் வழியாப் பார்த்துட்டுத்தான் இருந்தேன்."

"இத்தனை நாள் சொல்லவே இல்லையே நீ."

"நீங்களே சொல்லட்டும்னு இருந்தேன். அன்னைக்கு நீங்க பாட்டுக்குப் போய்ட்டீங்க. நான் பஸ்லதான் வீடு வந்து சேர்ந்தேன்." மடித்த சட்டையை அவர் பையில் வைத்தாள். "பஸ்ஸும் ஊர் போய்ச் சேரும்."

சனிக்கிழமை விடிந்ததும் கிளம்பினார்கள். வழி நெடுக அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, எதிரே வருகிற சின்னக் கார்களை எண்ணிக்கொண்டு வந்தார்.

"வண்டி ரிப்பேர்னு அவகிட்டச் சொல்லிட்டியா?"

"நான் எதுக்குச் சொல்லணும்? அப்பாவும் வர்றார்னு மட்டும் சொன்னேன்."

மகள் இருந்த தெரு குறுகலானது. இருபுறமும் வண்டிகள் மூச்சு விட இடமில்லாமல் நெருக்கிக்கொண்டு நின்றன. ஒரு வீட்டுக்கு முன்னால் மட்டும் கொஞ்சம் காலி இடம் இருந்தது. அதுதான் வீடு என்று மனைவி வாசலுக்குப் போய் மணியை அழுத்தினாள். ஆபரேட்டர் அந்தக் காலி இடத்தில் பையை இறக்கி வைத்துவிட்டுத் தோளை நீவிக்கொண்டார்.

"ஐயா, அங்க பைய வைக்காதீங்க!" எதிர்க் கடையிலிருந்து ஒரு பெண் குரல் கொடுத்தாள். "அது பிடிச்சு வச்சிருக்கற இடம். நாற்காலி தெரியலையா?"

அப்போதுதான் பார்த்தார். அந்த இடத்தில் முனைக்கொரு பிளாஸ்டிக் நாற்காலி. நடுவே, ஒரு சின்னக் கார் நிற்கும் நீளம்.

"யாருக்கும்மா பிடிச்சு வச்சிருக்கு?"

"மாடி வீட்டுப் பொண்ணோட அப்பாவுக்கு. கார்ல வர்றாராம். காலையில ஆறு மணிக்கே நாற்காலியப் போட்டுட்டு வெயில்ல காவலுக்கு நின்னுச்சு. இதுக்காக ரெண்டு பேரோட சண்டை வேற. இப்பத்தான் ஒரு வாய் சாப்பிட்டு வரேன்னு மேல போச்சு."

ஆபரேட்டர் பையைத் தூக்கிக்கொண்டார். எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மாடியில் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. தெருமுனையிலிருந்து ஊர்ந்து வந்த கார் ஒன்று அவரருகே நின்றது. ஓட்டுகிறவர் தலையை நீட்டி, நாற்காலியை எடுக்கலாமா என்று புருவத்தால் கேட்டார். ஆபரேட்டர் நாற்காலியின் முதுகைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, இடம் இல்லை என்று கை காட்டினார். எரிச்சலில் அந்த ஆள் ஹாரனை நீளமாக அடித்துவிட்டு நகர்ந்தார்.

மாடிப்படியில் நிதானமாக இறங்கிக்கொண்டிருந்த காலடிச் சத்தம், ஹாரனைக் கேட்டதும், ஓட்டமாக மாறியது.