கோட்டுக்குக் கீழே இருந்த தண்ணீர்

ஜாவாவின் மலையடிவாரத்தில் இருந்த ஓர் அணையில், ஆற்று நீர்வரத்தைக் கணக்கிடுவது வூர்யானியின் வேலை. இரண்டு நாள் மழைக்குப் பிறகும், வரைபடத்தில் நீர்வரத்தைக் காட்டும் கோடு போன வெள்ளத்தின் உயரத்தைத் தொடவில்லை. அதனால் பொறுப்பதிகாரி தர்மந்தோ நிம்மதியாகக் கிராம்பு சிகரெட்டைப் பற்றவைத்தார்.

"உயரம் முக்கியமில்ல, சார்," என்றாள் வூர்யானி. "போன தடவ எட்டு மணி நேரத்துல வடிஞ்சிடுச்சு. இது இறங்கவே இல்ல. கோட்டுக்குக் கீழ இருக்கிற பரப்ப தொகையிட்டுப் பாத்தேன். அவ்வளவு தண்ணியும் அணைக்குள்ளதான் வரும். நாளைக்குத் தாங்காது. கீழ் ஊர காலி பண்ணச் சொல்லுங்க."

"காலேஜ் பாடத்த இன்னும் மறக்கலையா, மேடம்? ஊரக் கிளப்பிவிட்டு ஒண்ணும் ஆகலன்னா என் மூஞ்சிய எங்க வெச்சுக்குறது?"

அவள் கணக்கை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தாள். அவர் அதைக் கோப்பில் செருகினார்.

மறுநாள் காலை அணை வழிந்தது. கீழ் ஊரில் முப்பத்தொரு பேர் செத்தார்கள்.

விசாரணையில் அந்தத் தாளை எடுத்தார்கள். "அவங்க வாயால எதுவும் சொல்லல," என்று சாதித்தார் தர்மந்தோ.

விசாரணை அதிகாரி தாளைத் திருப்பிப் பார்த்தார். "வெறும் குறியும் எண்ணுமா இருக்கு. ஊர் முழுகும்னு ஒரு வரி எழுதக் கூடாதாம்மா?"

வூர்யானி தாளின் கடைசி எண்ணைத் தொட்டுக் காட்டினாள். அந்த எண்ணே போதும் என்றுதான் நினைத்திருந்தாள்.

அவளுடைய கணக்கு மிகத் துல்லியமானது என்று அறிக்கையில் பாராட்டியிருந்தார்கள். அவளை வேறு தீவுக்கு மாற்றினார்கள். தர்மந்தோ அதே நாற்காலியில் இருந்தார்.