வெள்ளிக்கிழமைப் பீட்சா

லா சப்பல் கடைத்தெருவில் இருந்த இத்தாலியச் சாப்பாட்டுக் கடையை 2012இல் பேனாட் என்ற பிரெஞ்சுக்காரர் வாங்கினார். வாங்கிய கையோடு, இனி அமெரிக்கப் பீட்சாவும் போட வேண்டும், அடுப்படிக்கு ஓராள் போதும், வெள்ளிக்கிழமை சோதித்துப் பார்த்து ஒருவரை வைத்துக்கொள்வேன் என்றார். அடுப்படியில் நின்றதோ இரண்டு பேர்: நாப்போலிக்காரர் சல்வத்தோரே, யாழ்ப்பாணத்து மகேந்திரராசா.

மகேந்திரராசாவுக்கு வேலை போனால் விசாவும் போகும். பயப்பட வேண்டிய விஷயம்தான் என்று அவருக்குத் தெரிந்தது. பயம் வரவில்லை. நெருப்புக்கு முன்னால் நின்று நின்று விரல்கள் மரத்துப் போயிருந்தன. மற்றதெல்லாம் எப்போது மரத்தது என்று அவர் கவனிக்கவில்லை.

"அண்ணை, சல்வத்தோரே அழுறான்," என்றான் கோப்பை கழுவும் ஐங்கரன்.

அழாமல் என்ன செய்வார்? அவருடைய ஊரில் மாவை விரலால் மெல்லிசாக விரித்து, வேகவைக்காத தக்காளியை நசித்துப் பூசி, நாலு துண்டு சீஸ் வைத்து, விறகடுப்பில் காட்டிய உடனே எடுத்துவிடுவார்கள். அமெரிக்கப் பீட்சாவுக்கு மாவிலேயே எண்ணெயும் சீனியும். இரும்புத் தட்டில் மெத்தை மாதிரி ஊதவிட்டு, சீஸைக் கொட்டி, இறைச்சி வட்டங்களை அடுக்கி, ஆற அமரச் சுட வேண்டும். சல்வத்தோரே விட்ட கண்ணீரில் அன்றைய மாவுக்கு உப்புத் தேவைப்படவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது; மகேந்திரராசா இரண்டையும் சுட்டார். அமெரிக்கத் துண்டொன்றைக் கடித்தபடி ஒரு வாடிக்கையாளர் வெளியே நடந்தார். சீஸ் அறாமல் மார்க்ஸ் டோர்மோய் மெட்ரோ நிலையம் வரை இழுபட்டது. தெருச்சனம் குனிந்து குனிந்து போனது. புடவைக்கடைக்காரி ஒருத்தி அதில் சேலை காயப்போட்டாள்.

பேனாட் மெச்சி, இரண்டிலும் ஒவ்வொரு துண்டை மகேந்திரராசாவிடம் நீட்டினார். எது திறம்?

"வெள்ளிக்கிழமை மச்ச மாமிசம் தொடுறேல்லை எண்டு சொல்லு தம்பி," என்றார் மகேந்திரராசா ஐங்கரனிடம்.

"இத்தாலியன்ரை சைவம்தானே அண்ணை, அதைக் கடியுங்கோவன்."

"அதுவும் வேண்டாம். நான் பீட்சா சாப்பிட்டதே இல்லை."

"ஒருநாளுமோ?"

"வீட்டிலை புட்டு இருக்கேக்கை ஏன்?"

ஐங்கரன் அதை அப்படியே பிரெஞ்சில் சொன்னான்.

எண்ணெயையும் சீனியையும் தாங்கிய சல்வத்தோரேவுக்கு இதைத் தாங்க முடியவில்லை. இத்தனை வருஷம் தோளோடு தோள் நின்ற மனிதன் ஒரு கடி கடிக்கவில்லையா! ஏப்ரனைக் கழற்றி அடுப்புக்குள் எறிந்துவிட்டு, நாப்போலிக்கு நடந்தே போய்விட்டார்.

பேனாட் மகேந்திரராசாவின் கையைக் குலுக்கினார். எந்தப் பீட்சாவின் பக்கமும் சாயாத ஆளைத்தான் அவர் தேடினாராம். வேலை நிலைத்தது.

"சந்தோஷமோ அண்ணை?"

மகேந்திரராசா உள்ளே தேடிப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை, சல்வத்தோரேவுக்காக ஒரு துக்கம்கூட.

"தெரியேல்லை. அடுத்த மேசைக்கு எதுவாம், மெல்லிசோ மொத்தமோ?"